ரூட்டரில் போர்ட் போதவில்லை. நெட்வொர்க் சுவிட்ச் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) வாங்கி மாட்டினால் எல்லாக் கருவிகளும் வேலை செய்யுமா? வேகம் குறைந்துவிடுமா?

கேட்டதற்கு முதலில் பதில். வேலை செய்யும். நீங்கள் பயப்படுகிற மாதிரி வேகம் குறையாது.

ரூட்டரின் நான்கு லேன் போர்ட்டும் நிரம்பிவிட்டன, டிவியோ பிரிண்டரோ ஒயரைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். எட்டு போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். 'அன்மேனேஜ்டு', அதாவது மாட்டினால் தானே வேலை செய்கிற வகையே தாராளம். ரூட்டரின் லேன் போர்ட் ஒன்றிலிருந்து சுவிட்சுக்கு ஒரே ஒரு கேபிள். மற்ற கருவிகள் எல்லாம் சுவிட்சில். எதை எந்த போர்ட்டில் செருகினாலும் ஒன்றுதான். ஐபி முகவரியை எப்போதும்போல ரூட்டரே கொடுத்துவிடும், சுவிட்சில் செட்டிங் என்று எதுவும் இல்லை. எட்டில் ஒன்று ரூட்டருக்கே போய்விடும், கைக்கு மிஞ்சுவது ஏழு. வாங்கும்போது இதை மறந்துவிடாதீர்கள், நான் மறந்தேன்.

வேகம் பிரிந்துபோகும் என்ற பயம் அந்தக் காலத்து 'ஹப்' விட்டுப்போன மிச்சம். ஹப் ஒரு போர்ட்டில் வந்ததை எல்லா போர்ட்டிலும் கொட்டும். சுவிட்ச் எந்தக் கருவி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) வைத்துக் கற்றுக்கொண்டு அங்கே மட்டும் அனுப்பும். இணையத்துக்கோ, வைஃபையில் இருக்கும் கருவிகளுக்கோ போகும்போது மட்டும் சுவிட்சில் உள்ள எல்லாக் கருவிகளும் அந்த ஒற்றைக் கேபிளைப் பங்கு போட்டுக்கொள்ளும். உங்கள் இணைய இணைப்பே 1000 எம்பிபிஎஸ்ஸுக்குள்தான் என்றால் அதுவும் ஒரு பொருட்டில்லை.

மேலே 'ஒரே ஒரு கேபிள்' என்று எழுதினேன் அல்லவா, அதற்குப் பின்னால் இரண்டு நாள் அவமானம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் பின்னால் இருந்த ஒயர்க் காட்டைச் சுத்தம் செய்தேன். தூசி தட்டி, கட்டுப்போட்டு, பார்க்கவே அழகாக வைத்தேன். ஒரு கேபிளின் முனை மட்டும் அநாதையாகத் தொங்கியது. எதிலிருந்தோ கழன்றிருக்கும் என்று நினைத்து சுவிட்சில் காலியாக இருந்த போர்ட்டில் செருகினேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க இணையம் போயிற்று. வைஃபையும் சேர்த்து. சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறி பிடித்த மாதிரி மின்னின. எனக்கு அது சுறுசுறுப்பாக வேலை செய்வதாகவே தெரிந்தது.

இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். மறுநாள் ஒரு தம்பி வந்தார். சுவிட்சைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை நேராக ரூட்டரில் மாட்டினார். பளிச்சென்று வந்தது. "சார், உங்க சுவிட்ச் போயிடுச்சு" என்றார். நானும் நம்பிப் புதிதாக ஒன்று வாங்கி, பழையதில் இருந்த அதே ஒயர்களை அதே மாதிரி மாட்டினேன். அதே வெறியாட்டம்.

கடைசியில் எரிச்சலில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினேன். ஒன்றின் முனையைப் பிடுங்கி, மறுமுனை எங்கே போகிறது என்று இழுத்துக்கொண்டே போனால் அது அதே சுவிட்சுக்குத் திரும்பி வந்து நின்றது. இரண்டு முனையும் ஒரே பெட்டியில்! எல்லோருக்கும் போகவேண்டிய அறிவிப்புச் செய்தி ஒன்று ஒரு முனையில் வெளியேறி மறுமுனையில் உள்ளே வரும், திரும்பவும் எல்லா போர்ட்டுக்கும் போகும், திரும்பவும் வரும். அதை நிறுத்த ஆள் கிடையாது. இதற்குப் பெயர் லூப். ரூட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் 'வேகம் இரட்டிப்பாகட்டும்' என்று இரண்டு கேபிள் போட்டாலும் இதே கதிதான்.

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். செட்டிங் செய்யக்கூடிய மேனேஜ்டு சுவிட்சில் எஸ்டிபி என்ற வசதி இருக்கிறது, லூப்பைத் தானே அடைத்துவிடும், லிங்க் அக்ரிகேஷன் (இரண்டு கேபிளை ஒன்றாகச் சேர்ப்பது) செய்தால் இரண்டு கேபிளும் போடலாம். தெரியும். கேட்டவர் வீட்டுக்குக் கேட்கிறார், டேட்டா சென்டருக்கு இல்லை.

தப்பு முழுக்க என்னுடையது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தம்பி கதவைத் தாண்டுவதற்குள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது பாருங்கள், அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கூடவே ஐந்து நட்சத்திரம் கேட்டு மூன்று தடவை அழைப்பு வேறு. எதை வாங்கினாலும், எங்கே போனாலும் இப்போது இந்த நட்சத்திரப் பிச்சைதான். மூன்று போட்டால் அந்தப் பையனின் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று நாம் குற்ற உணர்வில் சாக வேண்டும். ஐந்துதான் போட்டேன்.

சரி, கேபிளுக்கு வருவோம். கேட் 5இ (Cat5e) வகைக் கேபிள் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். கேட் 6 ஏற்கெனவே கையில் இருந்தால் அதையே போடுங்கள். நீங்களே கிரிம்ப் செய்கிற (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துகிற) ஆசை இருந்தால் ஒரு விஷயம். 'உள்ளே இருக்கும் எட்டு வண்ணக் கம்பிகளும் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் இருந்தால் போதும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு: இதுதான் வரிசை. முறுக்கியிருக்கிற ஜோடிகள் ஜோடியாகவே வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் பச்சையை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் தேவை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும், அதனால் ஒரு பழுப்புக் கம்பி சரியாக உட்காராவிட்டாலும் பெரும்பாலும் இணையம் வரும், ஆனால் 100க்கு இறங்கி வரும். வேகச் சோதனை எத்தனை தடவை செய்தாலும் 94, 95 என்றே நின்றால் இணைய நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் அந்த முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்து பாருங்கள்.

சுவிட்சில் பல மாடல்களில் கிகாபிட்டுக்கு ஒரு நிறம், 100க்கு வேறு நிறம் என்று விளக்கு எரியும். டிவி மாட்டிய போர்ட் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் கேபிளைக் குதற வேண்டாம். பெரிய விலை கொடுத்து வாங்குகிற டிவிகளில்கூடப் பலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் வைத்திருக்கிறார்கள். படம் பார்க்க அது போதும்.