பிராந்தி: எந்தப் பழம், எந்த மரம்? வாசகர் கேள்வி-பதில்

பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேரளத்தில் மது அருந்த 23 வயது நிறைந்திருக்க வேண்டும். இது அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்.

பெவ்கோவில் (கேரள அரசு மதுக்கடை) வாங்கும் பிராந்திக்கும் பிரெஞ்சு கோன்யாக்குக்கும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. ரெண்டும் பிராந்திதானே சார்?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பெயர் ஒன்றுதான், கச்சாப்பொருள் வேறு. கோன்யாக் முழுக்க முழுக்கத் திராட்சை. பிரான்சின் சாரந்த் பகுதியில் விளையும் உய்னி பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து, நொதிக்கவிட்டு, அந்த ஒயினைச் செம்புப் பானையில் இரண்டு தடவை காய்ச்சி வடிக்கிறார்கள். அந்த ஒயினை அப்படியே குடித்தால் பல் கூசும். ஆனால் அந்தப் புளிப்புதான் வடிக்கும்வரை அதைக் கெடாமல் காப்பாற்றுகிறது. ஒரு லிட்டர் சாராயம் இறங்க சுமார் ஒன்பது லிட்டர் ஒயின் வேண்டும். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31-க்குள் வடித்து முடித்தாக வேண்டும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 2 வருடம். விலை ஏன் அப்படி என்பதற்கு இவ்வளவும் சேர்ந்ததுதான் பதில்.

நம் பக்கம் விற்கும் பிராந்தியில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ். அதை உயரமான வடிகோபுரங்களில் 96 சதவீத ஆல்கஹாலாகும் வரை சுத்தம் செய்யும்போது மூலப்பொருளின் மணம் அடியோடு போய்விடும். அதில் கொஞ்சம் திராட்சைச் சாராயம், கேரமல், வாசனை எல்லாம் சேர்த்து 42.8 சதவீதத்துக்கு இறக்கிப் புட்டியில் அடைக்கிறார்கள். முழுக்கத் திராட்சையிலேயே செய்யும் இந்திய பிராந்திகளும் உண்டு. லேபிளை நிதானமாகப் படியுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். பழத்திலிருந்து வந்தது என்றால் உலர்திராட்சையும் மரமும் இன்னும் மணக்கும். வெறும் எசன்ஸ் என்றால் மிட்டாய்க் கடை வாசனை வரும், அல்லது ஒன்றுமே இருக்காது. நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். கோன்யாக்கிலும் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு.

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த எக்ஸ்.ஓ. கோன்யாக் புட்டி 2009-லிருந்து பீரோவில் இருக்கிறது. இன்னும் பழுத்திருக்குமா?
*வாசகி, சித்தூர், பாலக்காடு*

பழுக்காது, அம்மா. பீப்பாயை விட்டு வெளியே வந்த நாளோடு பிராந்தியின் வயது நின்றுவிடும். கோன்யாக் லேபிளில் வி.எஸ். என்றால் பீப்பாயில் குறைந்தது 2 வருடம், வி.எஸ்.ஓ.பி. என்றால் 4. எக்ஸ்.ஓ.வுக்கு முன்பு 6 வருடம் போதும், 2018-லிருந்துதான் 10 ஆக்கினார்கள். ஆகவே உங்கள் புட்டி பழைய கணக்கில் வந்தது.

படுக்க வைத்திருந்தால் உடனே நிமிர்த்தி வையுங்கள்; அந்த வீரியத்தில் தக்கை ஊறிப் பொடியும். திறக்கும்போது உதிர்ந்துவிட்டால் சுத்தமான மல்துணியில் வடிகட்டினால் போதும். திறந்த பிறகு சேமித்து வைக்க நினைக்காதீர்கள், சில மாதங்களில் மணம் மங்கிவிடும்.

மரப்பீப்பாய்க்குள் அப்படி என்னதான் நடக்கிறது?
*வாசகர், மறையூர்*

சந்தனக்காட்டு ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான். வடித்து இறங்கும்போது பிராந்தி தண்ணீர் போலத் தெளிவாக, காரமாக இருக்கும். நெருப்பில் வாட்டிய ஓக் பலகை அதற்கு நிறமும், துவர்ப்பும், வனிலா மணமும் தருகிறது. மரத்தின் நுண்துளை வழியாகக் காற்று மெல்ல உள்ளே போய்க் காரத்தைத் தணிக்கிறது. சாராயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியே போகிறது. அந்த ஆவியை உண்டு வளரும் பூஞ்சையால் கோன்யாக் ஊர்க் கிடங்குகளின் சுவரும் கூரையும் கரி பூசியதுபோல் கறுத்துக் கிடக்கும்.

ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் முறையே வேறு. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்குகிறார்கள். கடைசி வரிசையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் புட்டியில் அடைத்து, அந்த இடத்தை அதற்கு முந்தைய வரிசையிலிருந்து நிரப்புகிறார்கள். நேற்றைய மோரை உறை ஊற்றித் தயிர் தோய்ப்பதுபோல், பழையதன் குணம் புதியதில் தொடர்ந்துகொண்டே இருக்கும். உலர்திராட்சை, வால்நட் வாசனை பிடிக்கும் என்றால் இதுதான் உங்களுக்கு ஏற்றது.

கோன்யாக் ருசித்தாகிவிட்டது. அடுத்து?
*வாசகர், வேலந்தாவளம்*

அர்மான்யாக். எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானதும் அதுதான். பிரான்சின் கஸ்கோனிப் பகுதியில் பெரும்பாலும் ஒரே தடவைதான் வடிக்கிறார்கள், வீரியத்தையும் அதிகம் ஏற்றுவதில்லை. அதனால் திராட்சையின் குணம் கூடுதலாகத் தங்குகிறது. கோன்யாக்கில் பூ வாசம் முந்தும். இதில் உலர்ந்த பிளம்ஸ், மண்வாசனை. ஒரே ஆண்டு விளைச்சலைத் தனியாக அடைத்து ஆண்டைப் போட்டு விற்பதும் அங்கே சகஜம்.

ஆப்பிள் பிடித்தால் நார்மண்டியின் கால்வடோஸ். இத்தாலியின் கிராப்பா திராட்சைச் சக்கையில் வடிப்பது, கொஞ்சம் முரடு.

கம்பம் பன்னீர் திராட்சையில் பிராந்தி செய்தால் எப்படி இருக்கும்? வீட்டில் முயற்சி செய்யலாமா?
*வாசகர், குமுளி*

வீட்டில் காய்ச்சுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி அருமையானது. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்றான அலெக்சாண்டிரியா மஸ்கட்டிலும் சிலி நாட்டில் பிஸ்கோ என்ற பிராந்தி வடிக்கிறார்கள். ரோஜாவும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணம். பெரு நாட்டுப் பிஸ்கோவில் மரம் தொடவே கூடாது, தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. வடித்ததை 3 மாதம் ஆறவிட்டு அப்படியே அடைக்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பள்ளத்தாக்குப் பழத்தை முறையான உரிமத்தோடு யாராவது இப்படி வடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சளிக்குப் பேரனுக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா?
*வாசகி, மூணாறு*

கூடவே கூடாது. குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பு வரை போகலாம். பெரியவர்களுக்கும் அது தரும் சூடு பொய்ச்சூடுதான். தோலின் ரத்தக்குழாய் விரிந்து உடம்பின் வெப்பம் வெளியேறுகிறது.

ஐஸா, சோடாவா, எந்த கிளாஸ்?
*வாசகர், வாளையார்*

நல்ல பிராந்திக்கு வாய் குறுகிய சின்ன கிளாஸ், 30 மில்லி, அறை வெப்பம். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து முகருங்கள். காரம் தூக்கினால் சில சொட்டுத் தண்ணீர். மொலாசஸ் பிராந்திக்கு சோடா தாராளமாகச் சேர்க்கலாம்.

கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைக்க எந்த பிராந்தி?
*வாசகி, கஞ்சிக்கோடு*

விலை உயர்ந்தது தேவையில்லை. அடுப்பில் அந்த நுணுக்கமெல்லாம் நிற்காது. 1883-ல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு கேக் சுட்ட கதை கேட்டிருப்பீர்கள். மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரை, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கி ஊற்றச் சொன்னாராம். பாபுவோ முந்திரிப்பழமும் கதலிப்பழமும் போட்டுக் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார். துரை மெச்சி இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்று தலச்சேரியில் சொல்வார்கள். பழத்தில் வடித்ததாக இருந்தால் அதுவும் பிராந்தி வகைதானே!

திராட்சையில் செய்த சாதாரண பிராந்தி ஒன்றை வாங்கி, கண்ணாடி ஜாடியில் பழம் மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை உலர்ந்த கரண்டியால் கிளறி, மேல்பழம் காய்ந்திருந்தால் இன்னும் இரண்டு கரண்டி சேருங்கள்.