டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டைஸ் உருட்டி ஆடுற கற்பனைக் கதை விளையாட்டு, சுருக்கமா டி அண்ட் டி) 2014 ரூல்ஸ்ல விளையாடுறோம். கடல் சாமி கும்பிடுற பலாடின் (புனித வீரர்) ஒருத்தர் ட்ரைடெண்ட் (திரிசூலம்) கேக்குறார். அதோட டேமேஜை ஏத்தினா பேலன்ஸ் கெடுமா?

கெடாதுங்க, தாராளமா ஏத்திக் குடுங்க.

2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல ஈட்டியையும் ட்ரைடெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரு கைல பிடிச்சா டேமேஜ் டி6 (ஆறு பக்க டைஸ்), ரெண்டு கைல டி8, எறியுற தூரமும் அதே 20/60 அடிதான் (சாதாரணமா 20, அதிகபட்சம் 60), ஆனா ஈட்டி 1 தங்கக் காசு, ட்ரைடெண்ட் 5, எடையும் ஒரு பவுண்ட் ஜாஸ்தி. அதுக்கும் மேல ஈட்டி சிம்பிள் வெப்பன், பெரும்பாலான கேரக்டர்கள் தூக்கலாம், ட்ரைடெண்டுக்கு மார்ஷியல் ப்ரொஃபிஷியன்ஸி (போர் ஆயுதப் பயிற்சி) வேணும். சரி தண்ணிக்குள்ளயாவது ஏதாவது லாபம் இருக்கான்னு பார்த்தா, அங்க டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு டி20 உருட்டி குறைஞ்சதை எடுக்கறது) இல்லாம குத்தலாம்னு சொல்ற லிஸ்ட்ல ஈட்டியும் இருக்கு! 2018 எராட்டால (திருத்தப் பட்டியல்ல) போல்ஆர்ம் மாஸ்டர்ங்கற ஃபீட்டுக்குள்ளயும் (ஃபீட்னா கேரக்டர் எடுத்துக்கற ஸ்பெஷல் திறமை) ஈட்டியைச் சேத்துட்டாங்க, ட்ரைடெண்டை விட்டுட்டாங்க. காசு ஜாஸ்தி குடுத்து, ட்ரெயினிங்கும் எடுத்து, மட்டமான ஈட்டியை வாங்குற கதை.

இப்ப டி6-ஐ டி8 ஆக்கினா சராசரி 3.5-ல இருந்து 4.5, அதாவது ஒரு அடிக்கு ஒரே ஒரு பாயின்ட். இதுக்குப் போய் பயப்படுறீங்க, ஆனா அதே புக்ல கிரேட் வெப்பன் மாஸ்டர்னு ஒரு ஃபீட் இருக்கு, ஹெவி வெப்பன் வச்சிருக்கறவர் அடி படுதான்னு உருட்டுற டூ ஹிட்ல 5 குறைச்சுக்கிட்டா டேமேஜ்ல 10 ஏறும். பேலன்ஸ் ஆடுறதெல்லாம் அங்கதான். கிரேட்ஸ்வோர்டு சராசரி 7, கிரேட்ஆக்ஸ் 6.5-னு அரை பாயின்ட்டுக்கு மணிக்கணக்கா சண்டை போடுறவங்களைப் பார்த்தா எனக்கு சிரிப்புதான் வரும். 1974-ல வந்த முதல் டி அண்ட் டி-ல கத்தியோ பெரிய வாளோ எல்லாத்துக்கும் ஒரே டி6 தான், ஆயுதத்துக்கு ஆயுதம் வேற டைஸ்ங்கறது அடுத்த வருஷம் கிரேஹாக்ங்கற சப்ளிமென்ட்லதான் (கூடுதல் ரூல்ஸ் புக்) வந்துச்சு, அதுக்கு முன்னாடியும் ஜனங்க ஜாலியாதான் ஆடிட்டு இருந்தாங்க.

என்னைக் கேட்டா ஆயுத பேலன்ஸ்னா எல்லாத்துக்கும் சம டேமேஜ் இல்ல, ஒவ்வொண்ணையும் எடுக்க ஒரு காரணம் இருக்கணும், அவ்வளவுதான். 2024 ரூல்ஸ்ல இதைத்தான் செஞ்சிருக்காங்க, ட்ரைடெண்ட் டி8, ரெண்டு கைல டி10, கூடவே டாப்பிள்னு ஒரு மாஸ்டரி (ஆயுதத்தோட ஸ்பெஷல் எஃபெக்ட்), அடி பட்டவன் கான்ஸ்டிட்யூஷன் சேவ்ல (உடம்பு தாங்குதான்னு உருட்டுறதுல) தோத்தா கீழ விழுவான்.

ஆனா உங்க டேபிளுக்கு டைஸை மட்டும் எடுத்துக்கோங்க, டாப்பிள் வேணாம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சேவ் உருட்டச் சொன்னா, அஞ்சாவது லெவல்ல ஒரே டர்ன்ல ரெண்டு அடி வந்ததும் காம்பேட் இழுவையா இழுக்கும், எதிரி கீழ விழுந்தா தூரத்துல நிக்கிற வில்லாளிக்கு டிஸ்அட்வான்டேஜ் வேற, அவர் உங்களைத்தான் திட்டுவார். இன்னொண்ணு, டேபிள்ல யாராவது லாங்ஸ்வோர்டு வச்சிருந்தா இனிமே ட்ரைடெண்டும் அதே டேமேஜ் குடுத்துக்கிட்டு எறியவும் செய்யும், அவர் மூஞ்சி கொஞ்சம் சுருங்கும். அப்படி ஆச்சுன்னா 2024-ல லாங்ஸ்வோர்டுக்கு இருக்குற சாப் மாஸ்டரியை அவருக்குக் குடுத்துடுங்க, அடி வாங்கின எதிரியோட அடுத்த அட்டாக்குக்கு டிஸ்அட்வான்டேஜ், அதுக்கு சேவ் எதுவும் உருட்ட வேண்டியதில்ல.