முதல் பத்தியிலேயே நிற்கும் கதைக்கு

முதல் பத்தியைத் திருப்பித் திருப்பித் திருத்துகிறேன், கதை நகரவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். திருத்துவதை நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் கடைசி வரி வரை எழுதிவிடுங்கள். சரியான சொல் வரவில்லையா, அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். ஒற்றுப் பிழையைக்கூடப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் ஒரு வாரம் அதைத் தொடவே கூடாது. எழுதிய சூட்டோடு படித்தால் மனதில் நினைத்ததைத்தான் கண் படிக்கும். விட்டுப்போன சொல்லைக்கூட மனமே நிரப்பிவிடும். வாரம் கழித்து அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். வரிசையாக நான்கு வாக்கியம் ‘இருந்தது’ என்று முடிவதும், ‘அவள்’ என்றால் அம்மாவா தங்கையா என்று குழம்புவதும் அப்போதுதான் காதில் இடறும். இவ்வளவு மெனக்கெட்ட முதல் பத்தியே தேவையில்லை என்றும் தோன்றலாம். தயங்காமல் வெட்டுங்கள். போட்டிக்குக் கெடு நெருங்குகிறதென்றால் ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள்.