உணவுத் தொழிலில் தர முகாமைத்துவம்: வன்னியிலிருந்து கேள்விகள்

கிளிநொச்சி: அண்ணை, எட்டுப் பேர் வேலை செய்யும் மிளகாய்த்தூள் ஆலை எங்களுடையது. ஐ.எஸ்.ஓ. 22000 என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி, சிறிய நிறுவனம் என்று அது ஒதுக்காது. முதலில் தண்ணீர், கைகழுவும் இடம், எலி, பூச்சி, இவற்றைச் சரிசெய்யுங்கள். அரைக்கும் தட்டுத் தேய்ந்து இரும்புத்தூள் விழும். தூள் வரும் வழியில் காந்தம் வைத்து, ஒவ்வொரு நாளும் துடைத்து, ஒட்டியிருந்ததை எழுதி வையுங்கள். ஒருநாள் திடீரென்று கூடினால் தட்டைக் கழற்றிப் பாருங்கள். எழுதுவதை அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான்: கச்சான் வறுத்துப் பைக்கற் போடுகிறோம். வறுத்தால் பூஞ்சணம் செத்துவிடும்தானே?

பூஞ்சணம் சாகும். அது உண்டாக்கிய அஃப்லாடொக்சின் நச்சு வறுவலில் முழுதாகப் போகாது. அதனால் சட்டியை நம்பாமல் வாசலிலேயே மறியுங்கள். உடைத்த பருப்பில் ஈரம் 7 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மூட்டையை உள்ளே எடுக்க வேண்டாம். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது எல்லாவற்றையும் வறுக்க முன்னரே பொறுக்குங்கள். வறுத்தபின் எல்லாம் ஒரே நிறம். பொறுக்கிய கழிவை மாட்டுக்கும் போடாதீர்கள், நச்சு பாலில் வரும்.

புதுக்குடியிருப்பு: குலுக்கிப் பார்த்தே கச்சான் வாங்கிய ஆட்கள் நாங்கள். ஈரமானி எதற்கு?

குலுக்கும் கை நல்ல கைதான் ஐயா. கோதுக்குள் பருப்புக் கலகலத்தால் காய்ந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் உடைத்த பருப்பை எப்படிக் குலுக்குவீர்கள்?

மாங்குளம்: ஐயா சொல்வதுதான் சரி. ஈரமானி வாங்கச் சிறிய ஆட்களிடம் காசு எங்கே?

நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். உங்களிடம் கச்சான் வாங்கியவர் ஒரு தொகுதியைத் திருப்பி அனுப்பினால், அது எந்தத் தோட்டத்து மூட்டை, என்ன ஈரத்தில் வந்தது என்று காட்ட வேண்டும். குலுக்கிய சத்தத்தைப் பதிவேட்டில் எழுத முடியாது. தோட்டத்தில் குலுக்குங்கள், ஆலை வாசலில் அளந்து பாருங்கள். இரண்டும் வேண்டும்.

முல்லைத்தீவு: சான்றிதழ் கெதியாக எடுக்க வழி உண்டா?

இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். உள்ளகக் கணக்காய்வும் (உங்கள் வேலைமுறையை நீங்களே சோதிப்பது) முகாமைத்துவ மீளாய்வும் (பொறுப்பானவர்கள் அதன் முடிவுகளைப் பார்ப்பது) முடியாமல் சான்றிதழ் இல்லை. அவற்றுக்குப் பதிவேடு வேண்டும். மாதம் முழுவதையும் ஒரே பேனையால் ஒரே இருப்பில் எழுதிய பதிவேட்டைக் கணக்காய்வாளர் பார்த்தவுடனேயே பிடித்துவிடுவார்.

நெடுங்கேணி: லேபலில் என்ன போடவேண்டும்?

உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள்.

வவுனியா: கடன் எடுக்கலாமா?

அது என் துறை இல்லை. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஒட்டுசுட்டான்: ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி தங்கச்சி. ஒரே பருப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நீங்கள் அளந்து, மற்றதைக் காற்றுப்புகாமல் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். வித்தியாசத்தைத் திகதியுடன் எழுதி ஈரமானியிலேயே ஒட்டி விடுங்கள்.