வால்கிரி: விபத்துக்கு முன்பே முடிந்த கதை

வணக்கம். அமெரிக்காவின் அதிவேகக் குண்டுவீச்சு விமானமான எக்ஸ்பி-70 வால்கிரியின் உங்கள் மாடலுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் '1966 விபத்தால் திட்டம் கைவிடப்பட்டது' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதாதீர்கள். குண்டுவீச்சு விமானமாக அதன் கதை 5 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

1959 டிசம்பரிலேயே அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் அரசு திட்டத்தை ஒரே ஒரு சோதனை முன்மாதிரி விமானமாகச் சுருக்கியது. 1960 மே மாதம் சோவியத் ஏவுகணை யூ-2 உளவு விமானத்தை வீழ்த்தியதும், உயரப் பறந்தால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையும் போனது. தேர்தல் ஆண்டில் திட்டத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது என்னவோ உண்மை. ஆனால் 1961 மார்ச்சில் புதிய அதிபர் கென்னடி அதை வெறும் ஆய்வு விமானமாக்கிவிட்டார். கண்டம் தாண்டும் ஏவுகணைகள் இருக்கும்போது இது எதற்கு என்பதுதான் வாதம். வேடிக்கை என்னவென்றால், முதல் வால்கிரி பறந்ததே 1964 செப்டம்பரில்தான்!

விபத்து நடந்தது 1966 ஜூன் 8. விளம்பரப் படத்துக்காக 5 விமானங்கள் நெருங்கிப் பறந்தபோது, சோதனை விமானி ஜோ வாக்கர் ஓட்டிய எஃப்-104 போர் விமானம் இரண்டாம் வால்கிரியின் இறக்கை நுனியில் மோதியது. வாக்கரும் வால்கிரியின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். மிஞ்சிய முதல் விமானம் 1969 வரை பறந்தது. இன்று ஓஹையோவின் டேட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அப்புறம், வால்கிரி பறக்கும் படங்களில் இறக்கை நுனிகள் மடங்கியிருப்பது சேதம் இல்லை. அதிவேகத்தில் அவற்றை 65 பாகை வரை கீழே மடக்குவார்கள். ஒலியை விட வேகமாகப் பறக்கும்போது எழும் அதிர்வலையின் அழுத்தத்தை இறக்கைக்கு அடியில் பிடித்துவைக்கவும், விமானம் அலையாமல் போகவும் அது உதவும். சக்கரங்களை இறக்கிய மாடல் என்றால் நுனிகளை நேராகவே ஒட்டுங்கள்.