மின்சார கார்: யூனிட் மூன்று ரூபாய் என்று கணக்குப் போடாதீர்கள்

கேள்வி: வயது 43. ஸ்ரீரங்கத்தில் 16 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் சொந்த ஃபிளாட். வேலை துவாக்குடி பக்கம், தினமும் போய்வர 50 கி.மீ. மற்ற ஓட்டமும் சேர்த்து மாதம் 1,500 கி.மீ. ஆகிறது. இது தவிர இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாம்பரத்தில் மாமனார் வீட்டுக்குப் போவோம். இப்போதைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ.தான் தருகிறது. அதை 2.8 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். 45 யூனிட் பேட்டரி உள்ள மின்சார கார் ஆன்ரோடு 16.8 லட்சம், அதே காரில் 30 யூனிட் பேட்டரி 14.8 லட்சம், பெட்ரோல் மாடல் 13.6 லட்சம். விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன். எங்கள் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட், சுமார் 1,300 ரூபாய். அதாவது யூனிட் மூன்று ரூபாய். அப்படியானால் காருக்கு மாதம் 700, 800 ரூபாய்தானே ஆகும்? கையில் எஃப்டி 12 லட்சம் இருக்கிறது. சம்பளம் பிடித்தம் போக 95,000, வீட்டுக்கடன் இஎம்ஐ 24,000. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எஃப்டியை உடைத்து முழுப்பணம் கட்டலாமா, கடன் வாங்கலாமா? கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வரிச்சலுகை உண்டு என்று ஷோரூமில் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: முதலில் அந்த மூன்று ரூபாய். மின்சார கார் வாங்க நினைக்கும் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1,300-ஐ 420-ஆல் வகுத்தால் மூன்று வருவது சரிதான். ஆனால் உங்கள் கார் குடிக்கப்போவது அந்த 420 யூனிட்டை அல்ல, அதற்கு மேல் வரும் யூனிட்டுகளை. தமிழ்நாட்டில் மேலே போகப் போக ஸ்லாப் (யூனிட் அடுக்கு) விலை ஏறும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 200 வரை இரண்டு ரூபாய்ச் சொச்சம் என்பதும் உங்கள் மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதுமட்டுமல்ல, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ் ஸ்லாபில் கிடைத்துவந்த மானியத்திலும் ஒரு பகுதி போய்விடும்.

எண்ணில் பார்த்துவிடுவோம். இந்த அளவுள்ள கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஆறு கி.மீ.க்குச் சற்று மேல் தரும். இரண்டு மாதத்தில் 3,000 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 480 யூனிட். உங்கள் 420-உடன் சேர்த்து 900. 2024 ஜூலைக் கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட் 6.45, அடுத்த நூறு 8.55, 601 முதல் 800 வரை 9.65, அதற்கு மேல் 1,000 வரை 10.70. கூட்டினால் பில் 5,900 ரூபாயைத் தாண்டும். இன்று கட்டுவது 1,300. ஆக, காருக்கு மட்டும் 4,600 ரூபாய். ஒரு யூனிட் மூன்று ரூபாய் அல்ல, ஒன்பதரைக்கும் மேல். ஏப்ரல், மே மாதங்களில் ஏசியும் சேர்ந்துகொண்டு ஆயிரத்தைத் தாண்டினால் அந்த யூனிட்டுகள் 11.80.

பயந்துவிட வேண்டாம். அதே 3,000 கி.மீ.க்கு இன்று நீங்கள் 200 லிட்டர் பெட்ரோல் போடுகிறீர்கள். லிட்டர் 101 என்று வைத்தால் 20,200 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 15,600, வருடத்துக்கு 93,600 மிச்சம். நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு, ஆனாலும் நல்ல தொகை. உங்கள் ஓட்டம் மாதம் 600 கி.மீ. என்றிருந்தால் மிச்சம் வருடத்துக்கு 38,000 சுற்றித்தான் வரும். அப்போது பேசாமல் பெட்ரோல் காரையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி இந்தப் பதிலை இங்கேயே முடித்திருப்பேன்.

அடுத்தது, எந்த பேட்டரி. 45 யூனிட் பேட்டரிக்காக நீங்கள் கூடுதலாகத் தரப்போவது இரண்டு லட்சம். தினம் 50 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது எதற்கு? 30 யூனிட் பேட்டரியே ஊருக்குள் 200 கி.மீ. அளவுக்கு ஓடும். பெரிய பேட்டரி உங்களுக்கு உதவுவது வருடத்தில் ஆறு முறை தாம்பரம் போகும்போது மட்டும், அதுவும் ஒரு நிறுத்தம் குறையும், அவ்வளவே. பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் 45 யூனிட் காருக்குக் கூடுதல் விலை 3.2 லட்சம், வயரிங் செலவும் சேர்த்து அது திரும்பி வர ஏறத்தாழ மூன்றே முக்கால் வருடம். 30 யூனிட் காருக்குக் கூடுதல் 1.2 லட்சம்தான், ஒன்றரை வருடம் சொச்சத்தில் வந்துவிடும். என் ஓட்டு சின்னதற்கு.

இந்தக் கூடுதல் விலை இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் வரி. மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான பெட்ரோல் காருக்கு ஆயுட்கால சாலை வரி 18 சதவீதம், மின்சார காருக்கு முழு விலக்கு. ஆனால் இந்த விலக்கு தேதி குறித்துத் தரப்படும் சலுகை. முன்பணம் கட்டும்முன் விலைப்பட்டியலில் சாலை வரி என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி பதிவாகும் நாளில் உள்ள விதிதான் செல்லும், புக்கிங் செய்த நாளில் உள்ளது அல்ல. அந்த ஒரு வரி மாறினால் நான் மேலே போட்ட கணக்கு மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

சரி, சார்ஜ் எங்கே போடப்போகிறீர்கள்? இதை நீங்கள் எழுதவே இல்லை. நிதிக் கேள்வியில் ப்ளக் பாயின்ட் எதற்கு என்று நினைக்கலாம். உங்கள் வழக்கில் காரின் விலையைவிட முக்கியமானது அதுதான். வெளியில் உள்ள வேக சார்ஜர்களில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து யூனிட் 20 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். முழுக்க முழுக்க அங்கேயே போட்டால் இரண்டு மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். பெட்ரோலில் பாதி. அத்துடன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அரை மணி, முக்கால் மணி காத்திருப்பு. அந்த வாழ்க்கைக்கு இந்தக் கார் வேண்டாம்.

எனவே முதல் வேலை, தரைத்தளத்தில் உள்ள உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் இடத்துக்குத் தனி லைன். காரோடு வரும் சாதாரண சார்ஜர் 3.3 கிலோவாட் அளவுதான், 15 ஆம்பியர் ப்ளக் போதும். தினமும் 50 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து எட்டு யூனிட் ஏற்ற இரண்டரை மணி நேரம். இரவு சாப்பிட்டுவிட்டு மாட்டினால் தூங்கப் போகும்முன் முடிந்துவிடும். 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் பொருத்தும் பெரிய சார்ஜர்) இலவசம் என்று ஷோரூமில் ஆசை காட்டுவார்கள். அதற்கு லோடு கூட்ட வேண்டும், மூன்று பேஸ் கேட்பார்கள், டெபாசிட் என்று நீளும். உங்களுக்கு அது தேவையில்லை.

ஆனால் இந்தச் சாதாரண ப்ளக்கில் கஞ்சத்தனம் கூடாது. நல்ல தடிமனான செம்புக் கம்பி, லோடு மீறினால் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி, சரியான எர்த். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் ஓடும் பாயின்ட்டில் கார் மணிக்கணக்கில் முழு லோடு இழுக்கும். மலிவான சாக்கெட் என்றால் சூடேறி உருகிவிடும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து, கார் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும். புதுக் கார் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்களில் பலருக்குக் கோளாறு காரில் இல்லை, வீட்டு எர்த்தில்தான். மொத்த வயரிங்குக்கு 28,000 என்று வைத்துத்தான் மேலே கணக்குப் போட்டேன். மீட்டருக்கும் பார்க்கிங்குக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து அது கூடும், குறையும்.

அடுக்குமாடிச் சங்கத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் "இன்னைக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்பார். கேட்கட்டுமே. உரிமையாளர் தன் சொந்த மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்சார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து, கேபிள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, கார் புக் செய்யும்முன் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பொது மீட்டரிலிருந்து சப்-மீட்டர் வைத்துத் தருகிறோம் என்றால் அதையும் தள்ளிவிட வேண்டாம். பொதுப் பயன்பாட்டு இணைப்பில் ஏறுகிற ஸ்லாப் கிடையாது, எட்டரை ரூபாய்க்கு மேல் ஒரே விலை. உங்கள் கார் யூனிட் ஒன்பதரை ஆகிறது என்பதால் அது நஷ்டமில்லை. காருக்கு அனுமதி உண்டா என்று மட்டும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு யூனிட் இலவசத்தை இரண்டு தடவை வாங்கலாம் என்று ஒரே வீட்டுக்கு இரண்டாவது மீட்டர் எடுக்கும் யோசனை யாராவது தந்தால், வேண்டாம்.

இனி பணம். வரிச்சலுகை விஷயத்தில் ஷோரூம் சொன்னது பழைய கதை. வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் ஒன்றரை லட்சம் வரை வட்டிக் கழிவு இருந்தது உண்மை, ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும். நீங்கள் இப்போது வாங்கும் கடனுக்கு அது கிடையாது. அதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கடன் வாங்க வேண்டாம்.

எஃப்டியை முழுதாக உடைக்கவும் வேண்டாம். மகளுக்கு இரண்டு வருடத்தில் கல்லூரி. பழைய காரின் 2.8 லட்சம், எஃப்டியிலிருந்து 6 லட்சம், மீதி 6 லட்சம் கடன். எஃப்டி வட்டிக்கு வரி போக நிற்பது ஐந்தரை சதவீதம் சுற்றி, கார் கடன் எட்டே முக்கால் சுற்றி. அதனால் கடனைக் குறைத்து வைப்பதுதான் லாபம், ஆனால் கல்லூரிக்கும் அவசரத்துக்கும் 6 லட்சம் தனியாக இருந்தே ஆக வேண்டும். ஐந்து வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 12,400. வீட்டுக்கடனோடு சேர்த்து சம்பளத்தில் 38 சதவீதம். பெட்ரோலில் மாதம் 7,800 மிச்சமாவதால் இதற்குச் சரி என்கிறேன். ஏழு வருடம் போட்டால் 9,600-க்கு இறங்கும், ஆனால் வட்டி 62,000 கூடும். மின்சார காருக்கென்று கால் சதவீதம் வரை வட்டி குறைக்கும் வங்கிகள் உண்டு, ஷோரூமில் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் கேளுங்கள்.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டமும் உங்கள் காதில் விழுந்திருக்கும். 2024-இல் எம்ஜி வின்ட்சர் என்ற மின்சார கார் வந்தபோது கி.மீ.க்கு 3.50 என்றார்கள். கரண்ட் செலவு ஒன்றரை ரூபாயும் சேர்த்தால் ஐந்து. பெட்ரோல் ஆறே முக்கால். நிறைய ஓடும் உங்களுக்கு மிச்சத்தில் பெரும்பகுதி வாடகையிலேயே போய்விடும். பேட்டரியோடு சேர்த்தே வாங்குங்கள். எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்டி என்பது வழக்கம். அதைவிட நீண்ட வாரன்டி என்றால் அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்று படித்துப் பாருங்கள், விற்கும்போது விலை அங்கேதான் அடிவாங்கும். அதனால்தான் எட்டு வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு மட்டும் மின்சார காரைப் பரிந்துரைக்கிறேன். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆனால் காரின் விலை கூடுதல் என்பதால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் அதைச் சாப்பிட்டுவிடும்.

தாம்பரம் பயணத்துக்கு உளுந்தூர்பேட்டையில் ஒன்று, திண்டிவனம் தாண்டி ஒன்று என்று இரண்டு நிறுத்தம் வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்ற நிற்க வேண்டாம், அதற்குப் பிறகு வேகம் குறைந்துவிடும். ஒவ்வொரு சார்ஜர் நிறுவனத்துக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்கூட்டியே போட்டு வைக்கும் பணம் என்று சில்லறை சிதறும். உங்கள் பாதையில் உள்ள இரண்டு ஆப்பில் மட்டும் 500, 500 போட்டு வையுங்கள். பொங்கலுக்கு முதல் நாள், தீபாவளிக்கு முதல் நாள் சார்ஜரில் வரிசை நிற்கும், அந்த இரண்டு தடவை மட்டும் ரயிலில் போய்விடுங்கள்.