தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையாம். சாமி பயம் இல்லாதவரை நம்பிப் பெண் கொடுக்கலாமா?

நானும் சாமி கும்பிடாதவன்தான். எனக்குப் பெண் கொடுத்தவர்கள் இதுவரை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை (மாமியார் இந்தப் பக்கம் வரமாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்). உங்கள் கேள்வியில் பாதி மாப்பிள்ளையைப் பற்றியது, மீதி பழைய வழக்கு: கடவுள் இல்லை என்றால் திருடினால் என்ன, ஏமாற்றினால் என்ன, எது தடுக்கும்? முதலில் பழைய வழக்கு.

இதில் நாத்திகர் செய்த கொலைகளுக்கு ஒருவர் ஸ்டாலினை இழுப்பார் (நம்ம ஊர்க்காரரை இல்லை, சோவியத் நாட்டை ஆண்டவரை), மதத்தின் பேரில் நடந்த கொலைகளுக்கு இன்னொருவர் சிலுவைப் போரை இழுப்பார், விடிய விடிய ஓடும். அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம்.

நம் வீடுகளில் பிள்ளைகளிடம் "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்பார்கள். ஒரு பொய் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் கண் பத்திரமாகத்தான் இருக்கும், அத்தோடு அந்தப் பயம் போச்சு. பயம் போன எல்லாரும் திருடர்களாகவா ஆகிவிட்டோம்? தம்பியைக் கிள்ளிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கும்போது என் அம்மா பக்கத்தில் வந்து, என் கையை எடுத்து அதே இடத்தில் லேசாகக் கிள்ளி, "வலிக்குதில்ல? அவனுக்கும் அப்படித்தான்" என்பார். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், அந்த இடத்தில் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டதே இல்லை.

சரி, கடவுள் சொன்னதால்தான் ஒரு செயல் நல்லதாகிறது என்று வாதாடுகிறவர்களிடம் நான் கேட்பது சிறுத்தொண்டர் என்ற நாயன்மாரின் கதையைத்தான். அடியார் வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்க, சிறுத்தொண்டர் பெற்ற மகனையே அறுத்துச் சமைத்துப் படைத்தார். திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியில் அதற்கு விழாவே நடக்கிறது, பிள்ளை வரம் வேண்டி எத்தனையோ பேர் போகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் நாளைக்கு ஒரு சாமியார் வந்து அதையே கேட்டால் என்ன ஆகும்? தெருவே கூடி அடித்து விரட்டிவிட்டு போலீசுக்குப் போன் போடும். "வந்தவர் நிஜமாகவே கடவுளாக இருந்தால்?" என்று யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள், யோசிக்கவும் கூடாது. அப்போது எது சரி எது தப்பு என்று பார்க்கும் அளவுகோல் பக்தரிடமும் தனியாகத்தான் இருக்கிறது, சாமி பெயரில் வருவதையும் அதை வைத்துத்தான் அளக்கிறார்.

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். கடவுள் வாழ்த்தோடு தொடங்கியவர்தான், ஆனால் பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று படைத்தவனையே சபிக்கிறார். படைத்தவன் செய்ததெல்லாம் சரி என்று நினைப்பவரால் இப்படி எழுத முடியாது.

1924இல் கேரளத்து வைக்கத்தில், கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்டவர்கள் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப்போனவர் வைத்தியநாத ஐயர், பக்திமான். அவரை எதிர்த்தவர்களும் அதே பக்திமான்கள்தான், சாஸ்திரத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். ஆக இந்த விஷயத்தில் ஐயர் நின்ற பக்கத்தில் பெரியார் இருந்தார், ஐயரோடு சேர்ந்து அதே மீனாட்சியைக் கும்பிட்டவர்கள் எதிரே இருந்தார்கள். நம்பிக்கையை வைத்து ஆளை எடைபோட்டால் இங்கே எல்லாமே தப்பாகிவிடும்.

ஆனால் ஒன்றில் பக்தர்கள் எங்களை முந்திவிடுகிறார்கள். ரமலான் மாதம் முழுக்கப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறார்கள், கோயிலில் அன்னதானம் நடக்கிறது, தனி ஆளுக்கு மனசு வருகிறதா இல்லையா என்று அது காத்திருப்பதில்லை. என்னை மாதிரி ஆள் ஞாபகம் வந்தால் கொடுக்கிறான், இல்லாவிட்டால் இல்லை. ஆந்திராவில் கோரா என்ற நாத்திகர் சமூக சேவைக்கென்றே நாத்திக மையம் நடத்திக் காட்டினார். தன் மகளை ஒடுக்கப்பட்ட சாதி இளைஞருக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர், காந்தி நடத்திவைக்கச் சம்மதித்திருந்த கல்யாணம் அது, காந்தி கொல்லப்பட்ட பிறகு 1948இல் சேவாகிராமில் நடந்தது. அந்த அளவுக்கு இறங்கி வேலை செய்த நாத்திகர்கள் குறைவு, எங்களில் பெரும்பாலோர் பேஸ்புக்கில் பிள்ளையாரைக் கிண்டல் செய்வதோடு சரி.

இப்போது மாப்பிள்ளை. அவர் ஐயர் வேண்டாம், சுயமரியாதைக் கல்யாணம்தான் என்று சொன்னால் பயப்படாதீர்கள், 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டத்தைத் திருத்தியாயிற்று, செல்லும். அப்புறம் திருமணப் பதிவும் செய்துவிடுங்கள். விசாரிக்க வேண்டியது வேறு: வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறாரா, கோபம் வந்தால் வீட்டில் என்ன செய்கிறார், ஓட்டலில் மேசை துடைக்கும் பையனிடம் எப்படிப் பேசுகிறார். தங்கை வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் முகம் சுளிப்பாரா என்று தங்கையையே நேரில் கேட்கச் சொல்லுங்கள், அங்கே "அதெல்லாம் நான் மாத்திடுவேன்" என்று பதில் வந்தால் எனக்கும் யோசனைதான். தாலி மூடநம்பிக்கை, சடங்கு மூடநம்பிக்கை என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "நகை மட்டும் அம்மா ஆசைப்படறாங்க" என்று இழுத்தாரானால், காபியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.